ஒட்டுக்குக் கீழே மூன்று விரல்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

குருவின் பெயர் இசக்கியம்மாள். நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். எலுமிச்சை, சாத்துக்குடி, கொய்யா, சப்போட்டா என்று எதற்கு ஒட்டுக் கட்டினாலும் பிடித்துக்கொள்ளும், கை அப்படி. சீடர் கஸ்பார் கடற்கரை ஊர்க்காரர். முட்டி தேய்ந்து கடலுக்குப் போவதை நிறுத்தியவர். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பார். ஒரே ஒரு கேள்விதான்.

இசக்கி வாய் திறந்து பதில் சொல்வது அபூர்வம்.

"தண்ணி எம்புட்டு ஊத்தணும் தாயி?" என்று ஒரு நாள் கேட்டார். அவள் அவருடைய விரலைப் பிடித்துத் தொட்டி மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் அழுத்தினாள். உள்ளே ஈரம் இருந்தது. பூவாளியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

"எம்புட்டு ஆழத்துல நடணும்?" என்று இன்னொரு நாள் கேட்டார். அவள் ஒரு கன்றை எடுத்து, ஒட்டு புடைத்திருக்கும் இடத்துக்குக் கீழே மூன்று விரலை வைத்துக் காட்டினாள்.

"இம்புட்டும் மண்ணுக்கு மேல தெரியணும். ஒட்டு மண்ணுக்குள்ள போயிட்டா தண்டு அழுகிரும் அண்ணாச்சி."

அன்றைக்கு கஸ்பார் தேநீர் கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்ற ஒட்டு மரத்தின் அடியைக் குனிந்து பார்த்தார். ஒட்டு தெரியவில்லை. தோண்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டார்.

இந்த வருஷம் அக்டோபர் கடைசியில் அவர் சட்டைப்பையில் ஒரு பழத்தோடு வந்தார்.

"மரம் கூரையத் தாண்டிச் செழிச்சு நிக்குது. காய் மட்டும் ஏன் புளிக்குது?"

இசக்கி ஒட்டுக்கத்தியால் பழத்தைக் கீறி நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. தோலைத் தடவினாள். சொரசொரவென்று இருந்தது.

"என்ன கன்னுன்னு வாங்கினிய?"

"சாத்துக்குடி. ஒட்டுக்கன்னு. எம்மவன் வாங்கினது."

அவள் கத்தியை மடக்கினாள். வழக்கமாக ஒரு கேள்விக்குப் பண்ணையை விட்டு நகராதவள், அன்று செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் கஸ்பார் மகனைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.

மகன் பெயர் ரெமிஜியுஸ். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதம் அந்தக் கன்றை வாங்கி வந்து முற்றத்தில் வைத்தான். பன்னிரண்டாம் நாள் கடலுக்குப் போனான். புயல் அடித்தது. படகும் வரவில்லை, போன நாலு பேரும் வரவில்லை. மற்ற மூன்று வீடுகளிலும் கோயிலில் பூசை வைத்து அழுது முடித்தார்கள். ரெமியின் தாய் அமலோற்பவம் மட்டும் பூசைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் போட்டோவுக்கு மாலை போடவும் விடவில்லை.

"மரம் நிக்குதுல்லா. அவனும் எங்கயோ நிக்கான். பழத்துக்கு வந்துருவான்" என்றாள். ஏழு வருஷமாக அதையேதான் சொல்கிறாள். மரம் ஒரு முழம் வளர்ந்தால் அவளுக்கு ஒரு பிடி சோறு கூட இறங்கும்.

"காய் புளிக்கிறது அக்காவுக்குத் தெரியுமா?"

"விடியுமுன்ன நான்தான் பறிச்சு ஒளிச்சு வைக்கேன்" என்றார் கஸ்பார்.

அமலோற்பவம் வாசலுக்கே வந்துவிட்டாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"வா தாயி. நீதானா இவுகளுக்குப் படிச்சுக் குடுக்க டீச்சரு? பாத்தியா எம்மவன் மரத்த! முள்ளு கூட எம்புட்டுப் பெருசு பாரு."

இசக்கி முள்ளைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து கையால் மண்ணை விலக்க ஆரம்பித்தாள்.

அந்த ஊரில் மண் என்றால் கடல் மணல்தான். இந்த மரத்தடியில் மட்டும் செம்மண் மேடு தட்டியிருந்தது. விலக்க விலக்க, ஒரு பட்டை செம்மண், ஒரு பட்டை சருகு, மறுபடி செம்மண் என்று வந்தது.

"வருசா வருசம் மண்ணு போட்டியளா அண்ணாச்சி?"

"எரு மண்ணு தாயி. இவுகதான் போடுதாக" என்றாள் அமலோற்பவம்.

"எந்த மாசம்?"

இசக்கி திரும்பி கஸ்பாரைப் பார்த்தாள். அவர் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்.

"நவம்பரு."

"நவம்பர்ல என்னைக்கு?"

"ரெண்டாம் தேதி."

அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்று காலையில் ஊரே கூடையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். செத்தவர்களின் குழிமேட்டில் புது மண் போட்டு, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தும். கஸ்பாருக்குப் போக ஒரு குழிமேடு இல்லை. அவர் செம்மண்ணை வாங்கி வந்து, எரு என்று பெண்டாட்டியிடம் பொய் சொல்லி, மகன் வைத்த கன்றின் காலடியில் கூடை கூடையாகக் கொட்டினார். அவள் அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்துச் சிலுவையும் போட்டுக்கொள்வார்.

அமலோற்பவம் புருஷனைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்று கஸ்பாருக்கு இருந்தது.

இசக்கி இன்னும் ஒரு சாண் தோண்டினாள். தடித்த பச்சைத் தண்டு வேரிலிருந்து நேராகக் கிளம்பி மேலே போயிருந்தது. அதன் பக்கத்தில், விரல் நீளத்தில், கறுத்துப்போன ஒரு குச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் நீல நிறத்தில் வலை நூல் கட்டியிருந்தது. நைலான் என்பதால் மக்கவில்லை.

"இதுதான் சாத்துக்குடி" என்றாள் இசக்கி. "வளந்து நிக்கது, அடியில வேருக்காக வச்ச காட்டு எலுமிச்சை. மேல இருந்தது செத்ததும் இது துளுத்துக்கிட்டு."

அவள் விரல் பட்டதும் குச்சி கையோடு வந்துவிட்டது.

அமலோற்பவம் அதை வாங்கினாள். நீல முடிச்சைப் பெருவிரலால் தடவினாள். கிழிந்த வலையைப் பொத்தும்போது ரெமி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுப்பான். ஊரில் வேறு யாரும் அப்படி முடிவதில்லை. காற்றில் கன்று சாயாமல் இருக்க அவன் போட்ட கட்டு அது.

"எப்பம் செத்துச்சு தாயி?" என்று கேட்டாள்.

இசக்கி கஸ்பாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத வருசத்துலயே அக்கா."

அமலோற்பவம் அழவில்லை. குச்சியை முந்தானையில் பொதிந்துகொண்டு உள்ளே போனாள். சுவரில் மாலை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த போட்டோவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். வாசலிலிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

முற்றத்தில் வெயில் ஏறிவிட்டது. குழி திறந்தே கிடந்தது.

"இதுலயே சாத்துக்குடிக் கிளையோட கண்ணு வச்சுப் புதுசா ஒட்டுக் கட்டலாமா?" என்று கேட்டார் கஸ்பார்.

"கட்டலாம். பிடிக்கும்."

"காய்க்குமா?"

"மூணாம் வருசம் காய்க்கும். இனிப்பா இருக்கும்."

"அப்பம் இது அவன் வச்ச மரமாயிருமா?"

இசக்கி கையிலிருந்த செம்மண்ணைத் தட்டினாள். நகத்துக்குள் போனது மட்டும் போகவில்லை.

"சாத்துக்குடி மரமாகும்."

கஸ்பார் மகனைத் தேடிக் கடலில் ஒன்பது நாள் அலைந்தவர். அப்போது கூட இப்படி எல்லாம் போய்விட்டதாக அவருக்குத் தோன்றியதில்லை. மரத்தைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார். முள் குத்தியது. கையை இழுத்துக்கொண்டார்.

"நான் அவனக் கொல்லல தாயி."

"நீங்க கொல்லல."

"மண்ணுதான் போட்டேன்."

இசக்கி வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். செருப்பை மாட்டினாள். கஸ்பார் வாசல்படி வரைக்கும் பின்னாலேயே வந்தார். படிக்குப் பக்கத்தில், இந்த வருஷத்துக்கென்று வாங்கிய செம்மண் ஒரு கூடையில் நிரம்பி இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாளுதான் கெடக்கு" என்றார். "இனி இந்த மண்ண நான் எங்க கொண்டு போடுவேன்?"

இசக்கி வீட்டுக்குள் பார்த்தாள். அமலோற்பவம் அசையாமல் இருந்தாள். குச்சியைப் பொதிந்த முந்தானையை மூடிப் பிடித்த கை மடியில் இருந்தது.

"புதைக்க வேண்டியது அக்கா கையில இருக்கு அண்ணாச்சி. அவுகளா குடுக்க வரைக்கும் கூடையத் தொடாதிய."