நாலாம் நம்பர் பெட்டிக்கு இரண்டு நாற்காலி

"டீச்சர், என் ஆறு பேரும் மறுபடியும் செத்துட்டானுவ."

புஷ்பம் டீச்சர் தலை நிமிரவில்லை. ஒரு கீபோர்டின் பொத்தான்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருந்த அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சு?"

"அதே இடம்தான். எலும்புக்கோட்டை வாசல்."

"எத்தனாவது வாட்டி?"

"பதினொண்ணு."

வந்தவர் இசக்கியப்பன். தூத்துக்குடித் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டிக் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கியவர். வயது அறுபத்தெட்டு. டீச்சருக்கு நாற்பது இருக்கும். அப்பா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையாக மாற்றி வைத்திருந்தார். எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று காட்டும் பழைய படம் சுவரில் இன்னும் தொங்கியது.

அந்த ஊரில் பூத விளையாட்டைக் கடைசிவரை ஆடி முடித்த ஒரே ஆள் டீச்சர்தான். நாலு தரம் முடித்திருந்தார். நாலு தரமும் வேறு வேறு கூட்டத்தோடு.

விளையாட்டு இதுதான். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு காடு, மலை, பாழுங்கோட்டை எல்லாம் தாண்டிப் போக வேண்டும். ஆறு பேரையும் ஆடுகிறவரே நடத்தலாம். யாரைச் சேர்ப்பது, யாரைக் கழிப்பது என்பது அவரவர் பாடு. கழித்தவர்களைச் சத்திரத்தில் விட்டுவிடலாம். அவர்கள் அங்கேயே காத்திருப்பார்கள்.

இசக்கியப்பன் இரண்டு வருஷமாக ஆடுகிறார். எலும்புக்கோட்டைதான் கடைசி.

அன்று வியாழன். சனிக்கிழமை மத்தியானம் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை எடுத்துப்போக ஆள் வருகிறது. புதுப் பெட்டியில் அந்தப் பழைய விளையாட்டு ஓடாது. இரண்டு வருஷ நடையும் கோட்டை வாசலோடு போய்விடும்.

"கூட்டத்துல யாரு யாரு அண்ணாச்சி?"

"வாள்காரன்."

"அப்புறம்?"

"வாள்காரன்."

"மூணாவது?"

"அவன் ரெண்டு வாள் வச்சிருப்பான்."

டீச்சர் பிரஷ்ஷை ஊதினார்.

"ஆறு பேரும் வாள்காரனா?"

"சேச்சே. ஒருத்தன் கோடாலி."

"பூட்டின கதவை யாரு திறப்பா?"

"வெட்டுவானுவ."

"வெசப்புகை வந்தா?"

"மூச்சைப் பிடிச்சுக்கிடுவானுவ."

"காயம் பட்டா?"

"ஆம்பளைக்குக் காயம் ஒரு கேடா? தாங்குவான்."

"தாங்கினானா?"

இசக்கியப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"முந்தி உங்க கூட்டத்துல ஒரு பூட்டுக்காரன் உண்டே. ஒரு மந்திரக்காரன். வைத்தியம் பாக்கிற கிழவி ஒருத்தி."

"அந்த மூணும் அவன் சேர்த்தது."

அவன் என்றால் கஸ்பார், பழைய துறைமுகக் கூட்டாளி. அந்தப் பெயரை இசக்கியப்பன் வாயால் சொல்லி ஆறு மாசம் ஆகிறது.

இசக்கியப்பன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. துறைமுகக் கேன்டீனில் ஆறிப்போன டீயைக் கொடுத்த ஒருவனை, இருபத்தாறு வருஷம் கழித்தும் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கஸ்பார் செய்ததோ அதைவிடப் பெரிது.

இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆட ஆரம்பித்தார்கள். ஒரே பெட்டி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. இசக்கியப்பன் மூன்று பேரைச் சேர்த்தார். கஸ்பார் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தார். பொத்தானை அமுக்குவது இசக்கியப்பன். திரையில் வரும் இங்கிலீஷை வாசித்துச் சொல்வது கஸ்பார். இசக்கியப்பன் மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

ஒருநாள் இசக்கியப்பன் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய வாளைக் காணோம்.

சிவப்புப் பிடி போட்ட வாள். மூன்று மாசம் அலைந்து கிடைத்தது. ஒரு சிறைக் காவலன் கேட்டானாம், கஸ்பார் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். பதிலுக்குச் சிறையில் கிடந்த ஒரு கிழவியை வெளியே எடுத்து, அந்தக் காலி இடத்தில் சேர்த்துக்கொண்டாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா டீச்சர்? ஒரு டீ. ஒரே ஒரு டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள."

"இதை முந்தியே சொல்லிட்டீங்க அண்ணாச்சி."

"எத்தனை தரம் சொன்னாலும் அது நடந்ததுதானே."

"அந்த மூணு பேரும் இப்ப எங்க?"

"சத்திரத்துல."

"ஏதாவது சொல்றாங்களா?"

"என்ன சொல்லுவாங்க? நான் வாசல் பக்கம் போனா எந்திரிச்சு நிப்பாங்க."

டீச்சர் ஒரு பொத்தானை எடுத்து அதன் குழியில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

"கூப்பிட்டுக்கோங்க" என்றார்.

*

வெள்ளிக்கிழமை காலை இசக்கியப்பன் சத்திரத்துக்குப் போனார். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். தன் வாள்காரர்களில் மூன்று பேரைக் கழித்துவிட்டு, வேண்டா வெறுப்பாக அவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

பூட்டுக்காரன் ஒரு கம்பியை விட்டுத் திருகினான். பதினொரு தரம் வெட்டியும் அசையாத வாசல் கதவு திறந்துகொண்டது. விஷப்புகை வந்தது. மந்திரக்காரன் கையை அசைத்தான், புகை விலகியது.

இசக்கியப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

உள்ளே கொம்பு வைத்த எலும்பு ராஜா இருந்தான். வாள்காரர்கள் அவனை வெட்டிச் சாய்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிழவி திரும்பி நின்று ஏதோ கேட்டாள். திரை அப்படியே நின்றது. கீழே பதில் இரண்டு வரி, ஒன்றன் கீழ் ஒன்றாக.

இசக்கியப்பன் மேலே உள்ளதை அமுக்கினார். ஆறு மாசமாக எல்லாக் கேள்விக்கும் அதுதான் அவர் பதில்.

கிழவி நேராகப் போய் ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எலும்பை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்தாள். ராஜா எழுந்தான். கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் தரையில் கிடந்தார்கள், கிழவியும் சேர்த்து.

"துரோகி டீச்சர் அவ! எனக்குத் தெரியும், அவன் சேர்த்தது எது உருப்பட்டிருக்கு!"

"கிழவி என்ன கேட்டா?"

"எனக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ்ல கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மேல உள்ளதைச் சொன்னேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டார்.

"டீச்சர், நீங்க வந்து பக்கத்துல உக்காந்து வாசிச்சுச் சொல்லுங்க. ஒரு மணி நேரம். முடிச்சிருவேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணாச்சி. ஆனா நான் உங்க கூட்டத்துல இல்லையே."

இசக்கியப்பன் செருப்பை மாட்ட ஆரம்பித்தார். கேன்டீன்காரன் பெயருக்குக் கீழே டீச்சரின் பெயரையும் மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

"அண்ணாச்சி" என்றார் டீச்சர். "விஞ்ச் ஓட்டும்போது கப்பலுக்குள்ள அடியில கிடக்கிற சரக்கு உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு கால் செருப்போடு அவர் நின்றார். விஞ்ச் பற்றிக் கேட்டால் அவரால் போக முடியாது.

"எப்படித் தெரியும்? நாப்பதடிப் பள்ளம். நான் உக்காந்திருக்கிற இடத்துலேர்ந்து கயிறு மட்டும்தான் தெரியும்."

"பின்ன எப்படி இறக்குவீங்க?"

"பள்ளத்து ஓரத்துல ஒருத்தன் நிப்பான். கை காட்டுவான். கட்டை விரலைத் தூக்கினா ஏத்தணும். உள்ளங்கையைக் கவுத்தா இறக்கணும். கையை முஷ்டியா மடக்கினா அப்படியே நிறுத்தணும்."

"கை தெரியலைன்னா?"

"இரும்புல ரெண்டு தட்டு தட்டுவேன். தெரியுற இடத்துக்கு வந்து நிப்பான்."

"கீழ ஆளுங்க இருப்பாங்களே."

"எட்டுப் பேர் இருப்பாங்க. தலைக்கு மேல ரெண்டு டன் தொங்கும். இருபத்திரண்டு வருசத்துல ஒருத்தன் நகத்துல கீறல் கிடையாது."

"கை காட்டுறவர் மேல உங்களுக்கு என்னைக்காவது கோவம் வந்திருக்கா?"

"வாரத்துக்கு நாலு நாள் வரும். அவன் வாய் அப்படி."

"அப்ப என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? மூஞ்சியைப் பாக்க மாட்டேன். கையைப் பாத்து இறக்குவேன். கோவம் இருந்தா என்ன டீச்சர், கை கைதானே."



டீச்சர் எழுந்து போனார். மூலையில் கிடந்த ஒரு நாற்காலியைத் தூசி தட்டி இழுத்து வந்து, நாலாம் நம்பர் பெட்டியின் முன்னால் முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். திரும்பி வந்து பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கடற்கரை ரோட்டுக்குப் பின்தெருவில் ஒரு இரும்புக் கேட்டின் முன்னால் இசக்கியப்பன் நின்றார்.

கூப்பிடவில்லை. பெயர் சொன்னால் அது பேச்சில் சேர்ந்துவிடும்.

மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். கேட்டின் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளே ரேடியோ நின்றது.

கஸ்பார் வெளியே வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. கேட்டைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். துண்டால் நுரையைத் துடைத்தார். உள்ளே போய் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பத்தடி இடைவெளி விட்டு இரண்டு பேரும் நடந்தார்கள். எதிரே வந்த மீன்காரம்மா, "என்ன அண்ணாச்சிமாரே, சேந்தாச்சா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

கடையில் முதல் மூன்று பெட்டிகளின் வயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். நாலாம் நம்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கஸ்பார் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். சத்திரத்திலிருந்து வந்த மூன்று பேரும் திரையில் நிற்பதைப் பார்த்துக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

கதவு திறந்தது. புகை விலகியது. வழியில் கேள்வி வந்தபோதெல்லாம் திரைக்கும் இசக்கியப்பனின் முகத்துக்கும் நடுவில் ஒரு கை நீண்டது. ஆள்காட்டி விரல் கொஞ்சம் கோணலான, பள்ளத்து ஓரத்துப் பழைய கை. கட்டை விரல் மேலே போனால் மேல் வரி. உள்ளங்கை கவிழ்ந்தால் கீழ் வரி.

எலும்பு ராஜா சாய்ந்தான். கிழவி திரும்பிக் கேட்டாள்.

இசக்கியப்பனின் விரல் பழக்கத்தில் மேல் வரிக்குப் போய்விட்டது.

உள்ளங்கை கவிழ்ந்தது.

இறக்கினார்.

கிழவி ராஜாவைத் தாண்டிப் போனாள். ரத்தம் ஒழுக நின்ற வாள்காரனையும் தாண்டிப் போனாள். அவன் இசக்கியப்பன் சேர்த்த ஆள், முதல் நாளிலிருந்து கூட வருகிறவன். இசக்கியப்பனின் தொண்டையில் ஒரு உறுமல் எழுந்தது.

முஷ்டி மடங்கியது. நிறுத்து.

நிறுத்தினார்.

மூலையில் பூட்டுக்காரன் சுருண்டு கிடந்தான். கிழவி அவன் நெற்றியைத் தொட்டாள். அவன் எழுந்து, சிம்மாசனத்துக்குப் பின்னால் தவழ்ந்து போய், ராஜாவின் உயிரை அடைத்து வைத்திருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் கம்பி விட்டுத் திறந்தான்.

எலும்பு ராஜா விறகுக் கட்டு அவிழ்ந்தது போலக் கொட்டினான்.

ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

டீச்சர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி எடுக்க வந்த ஆட்களும் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

திரையில் மறுபடியும் எழுத்து வந்தது. கீழே இரண்டு வரி.

இசக்கியப்பன் கைக்காகக் காத்திருந்தார். கை வரவில்லை. கஸ்பாரின் இரண்டு கையும் மடியில் கிடந்தன.



"என்னல எழுதியிருக்கு?" என்று இசக்கியப்பன் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சிவப்புப் பிடி வாள் இங்கதான் கெடக்காம். அந்தக் காவலன் கொண்டாந்து ராஜாகிட்ட குடுத்திருக்கான். கீழ சிறையில இன்னும் ஒருத்தன் கெடக்கானாம். வாளை எடுத்தா அவன் கதவு அடைஞ்சிரும். அவனை வெளிய விட்டா வாள் போயிரும். எது வேணும்னு கேக்கு."

இசக்கியப்பன் திரையைப் பார்த்தார். மூலையில் அந்த வாள் கிடந்தது. அதே சிவப்பு.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏல, எதை அமுக்க?" என்றார் கஸ்பார்.

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இசக்கியப்பன் படி இறங்கினார்.