இடிக்கு வைத்த இரும்பு

முன்னொரு நாளில் மலையடிவாரத்தில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே பொருள்களும் கோழி, மாடுகளும் தங்களுக்குள் பேசும். ஆனால் மனிதர்களில் எல்லோருக்கும் கேட்காது. யார் வெறும் கையால் தொடுகிறார்களோ அவர்களுக்கு மட்டும் கேட்கும். மண்வெட்டியைப் பிடித்தால், "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடி" என்று மண்வெட்டி சொல்லும். கிணற்றுக் கயிற்றைப் பிடித்தால், "வெடுக்குன்னு இழுக்காதே" என்று கயிறு சொல்லும். அந்தப் பக்கத்துச் சனங்கள் எல்லா வேலையையும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். ஒருவரும் தாய் வயிற்றிலிருந்தே கற்றுக்கொண்டு வரவில்லை. பிற்பாடு அதை மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

பண்ணையை நடத்தியவர் மகுடபதி. நகரத்திலிருந்து வருகிறவர்களைத் தங்கவைத்து, பாத்தி கட்டுவது, பால் கறப்பது, கோழி வளர்ப்பது எல்லாம் சொல்லிக் கொடுப்பதாக வாசலில் பலகை மாட்டியிருந்தார். பலகையில் 'ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

அதை நம்பி வந்தவர்களில் ஒருத்தி வினோதினி. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டு, இருந்ததையெல்லாம் போட்டு ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தாள். இங்கே கற்றுக்கொண்டு அங்கே போய்க் குடியேற வேண்டும் என்பது அவள் கணக்கு. அது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

முதல் நாள் அவள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். மண்வெட்டி அவள் கையைப் பார்த்தது. மெத்தென்று இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தப்பாகவே பிடித்து, தப்பாகவே கொத்தி, பொழுது சாய்வதற்குள் இரண்டு உள்ளங்கையிலும் கொப்பளம் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கொட்டகையில் மண்வெட்டி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. "நான் வாயே தெறக்கல. கை ரெண்டும் பழுத்த தக்காளி மாதிரி ஆயிருச்சு."

கடப்பாரை சிரித்தது. அரிவாள் சிரித்தது. கயிறுகூட ஆணியில் தொங்கிக்கொண்டே சிரித்தது.

"நாம கல்லுலயும் கட்டாந்தரையிலயும் அடிபட்டுக் கத்துக்கிட்டோம்" என்றது மண்வெட்டி. "இதுக காரை விட்டு இறங்கினதும் தூக்கிக் கையில குடுத்தறணுமா? இனி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்படாது. விழுந்து எந்திரிக்கட்டும்."

எல்லாம் சரி என்றன.

மறுநாள் மகுடபதி எல்லோரையும் கோழிக்கூண்டுக்கு அழைத்துப்போனார். வினோதினி ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், சேவல் இல்லாம கோழி முட்டை போடுமா?"

மகுடபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களா கதைய! ஏனுங்க, காலேஜெல்லாம் படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதுங்களா?"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாததை மறைக்க அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்து எல்லோரும் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்கள். பதிலை யாரும் சொல்லவில்லை. அன்றோடு வினோதினி கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பண்ணையில் ஒரு கருப்புக் கோழி இருந்தது. பாவம், அதற்குப் பிள்ளை ராசியே இல்லை. ஒரு தடவை அடைகாத்தபோது முட்டைகளைப் பாம்பு விழுங்கிவிட்டது. இன்னொரு தடவை மழைத்தண்ணீர் புகுந்து கூடையோடு போனது. இந்தத் தடவையாவது குஞ்சுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று பசி தாகம் பாராமல் உட்கார்ந்திருந்தது. யார் கிட்டே வந்தாலும் கொத்தியது.

அடை வைக்கும்போது கூடையில் மணலைப் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளோடு ஒரு கரித்துண்டும் ஒரு காய்ந்த மிளகாயும் ஒரு இரும்புத் துண்டும் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், இரும்பு இருந்தால் இடி அண்டாது என்பார்கள். மகுடபதியும் கொட்டகையில் கிடந்த உடைந்த அரிவாள் முனை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார்.

இரும்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "நீ கவலைப்படாதே" என்று கோழியிடம் தினமும் சொல்லும். "வானமே பொத்துக்கிட்டு விழுந்தாலும் நான் பாத்துக்குவேன். எத்தனை கூடை பாத்தவன் நான்."

கோழி அதை நம்பியது.

கோழிக்குத் தீனி வைக்கும் வேலையை மகுடபதி வினோதினியிடம் கொடுத்தார். "தண்ணி வைங்க, தீனி வைங்க. இதுல என்ன இருக்குது" என்றார். என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் கோழி தீனி பொறுக்க இறங்கிப் போயிருந்தது. வினோதினி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். முட்டைகளின்மேல் எச்சம் அப்பியிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை அழுக்குக்குள் குஞ்சு எப்படி நல்லபடியாகப் பிறக்கும்? கழுவலாமா, கூடாதா?

கேட்டுவிடலாம் என்று திரும்பினாள். மகுடபதி வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு, முந்தின நாள் ஒருவர் பசுவின் பின்பக்கம் நின்று உதை வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வினோதினி அந்தப் பக்கம் போகவில்லை.

கூடையிலிருந்து இரும்பை எடுத்தாள். தொலைந்துவிடக் கூடாதென்று இடது உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டாள். பச்சைத் தண்ணீரில் முட்டைகளை நனைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தொட்டு, நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அவ்வளவு பதமாக, அவ்வளவு அக்கறையாகத் தேய்த்தாள்.

முட்டை ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. உள்ளே இருக்கும் உயிருக்கு அதுதான் காவல். தேய்த்தால் போய்விடும். பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சி வேறு அந்த உயிரைத் தாக்கும். இதெல்லாம் இரும்புக்குத் தெரியும். அவள் கையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் கேட்கும்.

மண்வெட்டி சொன்னது அதற்கு ஞாபகம் வந்தது. கொட்டகையில் போய்ச் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்றும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டது.

கோழி திரும்பி வந்தபோது முட்டைகள் பளபளவென்று இருந்தன. ஈரம். சில்லிப்பு. எலுமிச்சை சோப்பு வாசனை.

"என்ன நடந்துச்சு?" என்று, கூடைக்குத் திரும்பியிருந்த இரும்பிடம் கேட்டது கோழி.

"கழுவிட்டா" என்றது இரும்பு. அதற்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சோப்புப் போட்டுக் கழுவிட்டா."

"நீ எங்க இருந்தே?"

"அவ கையிலதான்."

கோழி ஈர முட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்து, இறக்கையை இன்னும் அகல விரித்துக்கொண்டது. ஒன்றாவது பிழைக்காதா என்றுதான்.

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பொரிக்க வேண்டிய நாள் வந்தது, தாண்டியது. மகுடபதி ஒரு முட்டையை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தளக் தளக்கென்று ஆடியது. உடைத்தார். நாற்றம் தாங்கவில்லை. அத்தனையும் கூமுட்டை.

"யாரு என்ன பண்ணினீங்க?"

"நான்தான் சார்" என்றாள் வினோதினி. "அழுக்கா இருந்துச்சு. கழுவினேன்."

"கழுவினீங்களா? அடை முட்டையை யாராவது கழுவுவாங்களா? சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமேம்மா! ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்?"

பார்த்தீர்களா, அவருக்கும் அது ஒரு வார்த்தை விஷயம்தான் என்று தெரிந்திருந்தது. கேட்டபோது என்ன செய்தார் என்பதுதான் ஞாபகமில்லை. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வினோதினி அறைக்குப் போய்ப் பையைக் கட்டினாள். நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது, பழைய வேலைக்குக் கெஞ்சிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு, பஸ்ஸுக்காக வாசலில் போய் உட்கார்ந்தாள்.

கருப்புக் கோழி கூடையை விட்டு இறங்கியது. முதலில் இரும்பை அலகால் கவ்வி வெளியே போட்டது.

"இடி வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்றது இரும்பு.

"இடி வரலையே. அழுக்குப் படாம இருக்கணுமேன்னு பதறின ஒருத்திதான் வந்தா. அவகிட்ட வாயைத் தெறக்க உனக்கு வலிச்சுதா?"

கோழி அதைக் காலால் சீய்த்துச் சீய்த்துக் குப்பைக்குழியில் தள்ளியது. பிறகு நேராகக் கொட்டகைக்குப் போனது. உள்ளே இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"யாரு சிரிக்கறது?"

மண்வெட்டிதான் பதில் சொன்னது. "தெரியாதவ தொட்டா இப்படித்தான் ஆகும். எங்ககிட்ட ஏன் குதிக்கற? கழுவினது அவ."

"அவளுக்குத் தெரியாது. தெரியாதுன்னுதானே வந்தா? உனக்குத் தெரியுமில்ல?"

"நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டதும்மா இது. சும்மா வரல."

"நீ அடிபட்டே, சரி. அதுக்கு எம் புள்ளைக எதுக்குச் சாகணும்?"

கோழி விடவில்லை.

"நீ புதுசா வந்த அன்னிக்குக் காம்புல நிக்காம கழண்டு பறந்து, மகுடபதியோட அப்பன் காலுக்குப் பக்கத்துல விழுந்தே. மயிரிழையில கால் தப்பிச்சுது. அவரு உன்னத் தூக்கி எறிஞ்சாரா? சிரிச்சாரா? மரச்சில்லு செருகி, தட்டி, இறுக்கி, மறுபடியும் கையில எடுத்தாரு. அதனாலதான் இன்னிக்கு நீ மண்வெட்டி. இல்லாட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருப்பே."

மண்வெட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு மேல் அங்கே நிற்கக் கோழிக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் வினோதினி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கோழி வருவதைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கையை நீட்டினாள். கோழி நறுக்கென்று கொத்தியது. ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தொட்ட கைக்குக் கோழியின் குரல் கேட்டது.

"வலிக்குதா? வலிக்கட்டும். எனக்கும் வலிக்குது. உம் மேல எனக்குக் கோவம் தீரல, தீரவும் வேண்டாம். ஆனா நீ இப்படியே போயிட்டா எம் புள்ளைக செத்ததுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. நான் திரும்பவும் முட்டையிடுவேன், திரும்பவும் அடைக்கு உக்காருவேன். அன்னிக்குக் கேக்கத் திரும்பிட்டுக் கேக்காம விட்டியே, அதை இப்பக் கேளு. நான் கொத்துவேன். சிரிக்க மாட்டேன்."

வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"முட்டை அழுக்கா இருந்தா," என்று கேட்டாள், "கழுவலாமா?"

"கூடாது" என்றது கோழி.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஒரு பண்ணையே சேர்ந்துகொண்டு அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது.