பழகும் பெட்டி

ஜெசிந்தாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டரில் எது அழிந்துபோகக்கூடாது என்று உடையவரிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டும். சீட்டில் உள்ளதை வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகுதான் மற்ற வேலை.

கூட்டுறவு வங்கியில் ஓய்வுபெற்ற தாணுமாலயன் எட்டு மாதமாக அங்கே தொழில் படிக்கிறார். அவள் வயதில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஆனாலும் கடைக்குள் வந்துவிட்டால் அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

பொன்னுலிங்கம் கொண்டுவந்த பெட்டி இருபது வருஷப் பழசு. வீட்டு மாடியில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து அதில் ஏற்றி வருகிறவர். தாளில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. 'மழைக் கணக்கு, பத்தொன்பது வருஷம்' என்று தாணுமாலயனே சீட்டு எழுதி ஒட்டினார்.

பழைய பெட்டியிலும் ஓடும் இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினார். பெட்டி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையில் யு.எஸ்.பி. என்ற பேரே கிடையாது. இரண்டு நாள் மல்லுக்கட்டினார். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள்ளேயே பென் டிரைவ் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து அதை மேலே ஏற்றினார். திரையில் நிறம் வந்தது. கடையில் யாரும் இல்லை. இருந்தும் "வந்துட்டு" என்று உரக்கச் சொன்னார்.

டிஸ்கில் உள்ளதெல்லாம் அழியும், தொடரலாமா என்று திரை கேட்டது. அந்த சந்தோஷத்திலேயே தொடரலாம் என்று அழுத்தினார்.

சீட்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஜெசிந்தா வந்து, அழிந்ததை மீட்க என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றரை நாள் ஆயிற்று. துண்டு துண்டாகச் சில எண்கள் வந்தன. ஒரு மாதத்து மழைகூட முழுசாக இல்லை. அவள் அவரைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பத்து மணிக்குப் பொன்னுலிங்கம் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதே முக்காலுக்குத் தாணுமாலயன் வாயைத் திறந்தார்.

"டிஸ்க் தானாவே செத்துப்போச்சுன்னு சொல்லிரலாமா டீச்சர்? பழைய பெட்டிதானே. நம்பிருவாரு."

ஜெசிந்தா மேஜைக்கு அடியிலிருந்து பழகும் பெட்டியை இழுத்தாள். கடைக்குப் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் கைபழகுவார்கள். தாணுமாலயனும் அதில்தான் பழகினார். நூறு தடவை அழித்துப் போட்டாலும் கேட்க ஆளில்லாத பெட்டி.

"ஒரு கை பிடிங்க அண்ணாச்சி."

இருவருமாகக் கவிழ்த்தார்கள். அடியில் பழுப்பேறிய ஒரு சீட்டு. அவளுடைய கையெழுத்து. 'மகன் பேசியது.'

"சீட்டை மேலதானே ஒட்டுவோம்?"

"மேல இருந்ததைப் பிச்சு நான்தான் அடியில ஒட்டினேன்."

"யாருக்க மகன்?"

"குளச்சல்ல ஒரு அம்மா. கடலுக்குப் போனவன் வரலை. அவன் பேசிப் பதிஞ்சது இதுக்குள்ள மட்டும்தான் இருந்தது. கடை தொறந்த வருஷம் நான் அழிச்சேன்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"டிஸ்க் தானாவே செத்துப்போச்சுன்னு."

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. பொன்னுலிங்கம் செருப்பைக் கழற்றியபடியே, இன்றைக்குப் பதினேழு மில்லிமீட்டர் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

தாணுமாலயன் குரலைத் தாழ்த்தினார்.

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க. என் பிள்ளைக்காக இவ்வளவு பாடுபட்டியே மகளேன்னு கையைப் பிடிச்சாங்க. படிக்க வாறவங்களுக்கு உதவட்டும்னு பெட்டியையும் தந்துட்டுப் போனாங்க."

தாணுமாலயன் மழைக் கணக்குச் சீட்டைக் கிழியாமல் உரித்தெடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.