கண்ணை மூடிக் கேட்டவர்

தவில்காரர் சிங்காரவேலுவிடம் அஞ்சுகம் ஏழு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் குருவின் தவிலைக் கோயில் வாசல்வரை அவள்தான் சுமந்துபோவாள். வாசலில் அதை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு நின்றுகொள்வாள். பெண் தவிலைத் தூக்கினால் சாமிக்குக் கோபம் வராது; வாசித்தால்தான் வருமாம்.

இந்த வருடம் அவளே தர்மகர்த்தா வீட்டுக்குப் போனாள். "என் வாசிப்பைக் கேளுங்க. சரியில்லைன்னா இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றாள். அவர் பெரிய ரசிகர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். கேட்டார்.

திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, சாமி புறப்பாட்டுக்கு நான் வாசிக்கலாமாம்."

"அவர் வாயால சொன்னதைச் சொல்லு."

"கண்ணை மூடிக்கிட்டே கேட்டார். ஆம்பள வாசிக்கற மாதிரியே இருக்குன்னார்."

"அப்புறம்?"

அஞ்சுகம் தயங்கினாள்.

"வேட்டி, முழுக்கைச் சட்டை, தலைப்பாகை போட்டுக்கணுமாம். நோட்டீஸ்ல அஞ்சுகத்தை ஆறுமுகம்னு போட்டுடலாம், ஒண்ணுதானே கூடுதுன்னு சிரிச்சார்."

"நீ?"

"நானும் சிரிச்சேன்."

குரு சிரிக்கவில்லை. "வாசி" என்றார்.

அவள் விரல்களில் உறைபோன்ற தவில் கூடுகளை மாட்டித் தவிலைத் தோளில் தொங்கவிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து, ஆள்காட்டி விரல்களால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். கண் மட்டும் அவள்மேல் இருந்தது. அவள் நிறுத்தினாள். மேலே வாசி என்று தாடையை ஆட்டினார். கோபத்தோடு வாசித்தாள். முடித்தபோது முதுகெல்லாம் வியர்வை.

விரலை எடுத்தார்.

"பிரமாதம்."

"காதைப் பொத்திக்கிட்டு என்னத்தைக் கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. பொண்ணு வாசிக்கற மாதிரியே இருந்தது."

அஞ்சுகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன ஐயா, கிண்டல் பண்ணுவீங்க. தவிலை வாங்கிக்கிட்டு நேரா உள்ள போயிடுவீங்க. ஏழு வருஷத்துல ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பீங்களா?"



"பார்க்கல" என்றார். "தப்புதான்."

"அப்போ வேஷம் போட்டாவது வாசிச்சுட்டுப் போறேனே. வாசிக்கறது நான்தானே?"

"போ. தடுக்கல."

"ஜனங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா?"

"சொல்வாங்க. நீ நல்லாத்தான் வாசிப்பே. அடுத்த வருஷம் அஞ்சுகம்னு ஒரு பொண்ணு போய்க் கேப்பா. 'இடமில்லம்மா, ஆறுமுகம் இருக்கார்'ம்பாங்க."