காணாமல் போன காரில் மாப்பிள்ளை அழைப்பு

மந்தைக்குளத்துக்காரர்களை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனம் இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். 'கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதிப் போட்டால், கதவு அகலத் திறந்து கிடந்தாலும் அதைப் பிடித்து மூடி, தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில், மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், தங்கப்பழம் அண்ணாச்சியின் கார் திருட்டுப் போய்விட்டது.

பழைய வெள்ளை அம்பாசிடர். ஹார்னை அமுக்கினால் வைப்பர் ஓடும். மூன்றாவது கியர் போட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். பின்பக்கத்து இடது கதவைக் கயிறு போட்டுத்தான் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தி பொன்னுலிங்கத்துக்கு அந்தக் காரின் மேல் ஒரு கண். "மாப்பிள்ளை அழைப்பு அந்தக் கார்லதான். கார் வரலைன்னா பிள்ளையார் கோயில் வாசலை விட்டு ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம். கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

தங்கப்பழம் பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறை இருந்தது. கறைக்குப் பக்கத்தில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. காரைக் காணோம். வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவி சொர்ணம்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம், ஏட்டு பாக்கியநாதன், கான்ஸ்டபிள் மாசாணம் மூன்று பேரும் வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தார்கள். ஜீப் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. கிளம்பும்போதே மேலதிகாரி போனில் ஒரு உத்தரவு போட்டிருந்தார்: "சம்பவ இடம் இருந்தது இருந்தபடியே இருக்கணும். ஒரு துரும்பு அசையக் கூடாது."

அவ்வளவுதான். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். உதிர்கிற வேப்பிலையை மாசாணம் தாவித் தாவிப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எழுந்து போகப் பார்த்த நாயை ஏட்டு தடவிக் கொடுத்துத் திரும்பத் தூங்க வைத்தார். வாய் கொப்பளிக்கத் திரும்பிய தங்கப்பழத்தையும் இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"அண்ணாச்சி, அசையாதீய. கார் காணாம போனதைப் பாக்கும்போது எப்படி நின்னீயளோ அப்படியே நிக்கணும். பிரஷ்ஷை எடுக்காதீய."

தங்கப்பழமும் நின்றார். போலீஸ் சொன்னால் நிற்க வேண்டியதுதானே? நுரை காய்ந்து மீசையில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் மாப்பிள்ளை வந்து காத்திருப்பாரே என்று கண்ணை மட்டும் தெருமுனைப் பக்கம் உருட்டிக்கொண்டே இருந்தார்.

விசாரணை ஆரம்பமானது. இந்த ஸ்டேஷனுக்கு இதுவரை காணாமல் போனதாக வந்த புகாரெல்லாம் மனுஷர்களைப் பற்றித்தான்; அதனால் கேள்வியும் அதே கேள்விதான்.

"வீட்டுல ஏதும் சண்டையா? காரை யாராவது திட்டினீயளா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பிரஷ்ஷோடு பேச முடியாத புருஷனுக்காகச் சொர்ணம் பதில் சொன்னாள். "போன வாரம் ஸ்டார்ட் ஆகலைன்னு காலால ஒரு உதை உதைச்சாவ சார்."

மூன்று போலீசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கல்யாண வீட்டுல வெச்சு உதைச்சா யாருக்குத்தான் மனசு தாங்கும்?" என்றார் ஏட்டு. தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, ஏன் உதைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

உச்சி வெயிலில் தெருமுனையில் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. வெள்ளை அம்பாசிடர் ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்து கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் கொம்பையா. பக்கத்து டவுன்காரன், கார் திருடுவதுதான் தொழில். அன்றைக்குக் காலையில் அவன் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை. எல்லாருமே அந்தக் காரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொழில் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.

"யோவ், வண்டியை எடு. இங்க நிறுத்தக் கூடாது" என்று கத்தினான் மாசாணம்.

"ஐயா, இது இங்க நின்ன காருதான். காலைல நான்தான் திருடிட்டுப் போனேன். விட்டுட்டுப் போயிருதேன்."

"அதெல்லாம் முடியாது. சம்பவ இடத்துல கார் இல்லாமத்தான் இருந்துச்சு. இப்பவும் இல்லாமத்தான் இருக்கணும்."

தங்கப்பழம் "ம்ம்! ம்ம்ம்!" என்று கையை ஆட்டிக் குதித்தார். இன்ஸ்பெக்டர் மனசு இரங்கி, பேச மட்டும் அனுமதி கொடுத்தார். மாசாணம் பிரஷ்ஷை வாங்கி, அண்ணாச்சியின் வாய் இருந்த உயரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார்! இதான் சார் என் காரு!"

"பதறாதீய அண்ணாச்சி. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க காரு என்ன ஆச்சு?"

"காணாம போச்சு."

"இந்தக் காரு காணாம போயிருக்கா?"

"இல்ல சார், இந்தா நிக்குது."

"அப்புறம்?"

தங்கப்பழம் யோசித்தார். எப்படி யோசித்தும் இன்ஸ்பெக்டர் பேச்சில் ஒரு ஓட்டை தெரியவில்லை.

ஏட்டுக்குத்தான் ஒரு சந்தேகம். "ஆனா ஐயா, இந்தப் பய திருடினேன்னு அவனே சொல்லுதானே?"

"பாக்கியநாதன், திருடன்னா எடுத்துட்டுப் போவான். கொண்டுவந்து கொடுக்கிறவன் எப்படிவே திருடனாவான்? யாரோ புண்ணியவான். கல்யாண வீட்டுல கார் இல்லைன்னு கேள்விப்பட்டு, தன் காரைக் கொண்டாந்திருக்கான்."

கொம்பையா தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். தங்கப்பழம் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தம்பி. ஆனா சம்பந்தி அந்தக் காரைத்தானே கேக்காரு! அது கிடைக்கலைன்னா என் மவ வாழ்க்கை போச்சே!"

இன்ஸ்பெக்டருக்கே மனசு கேட்கவில்லை. "ஏறுங்க அண்ணாச்சி, தேடிருவோம். தம்பி, நீ வண்டியை எடு." பிரஷ்ஷைப் பிடித்தபடி மாசாணம் மட்டும் காவலுக்கு நின்றான்.

காரில் ஏறிக் காரைத் தேடப் போனார்கள். டீக்கடையில் நிறுத்தி, "இந்தப் பக்கம் வெள்ளை அம்பாசிடர் ஒண்ணு வந்துச்சா?" என்று ஏட்டு விசாரித்தார்.

டீ மாஸ்டர் காரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. அதுல நீங்க இருக்கீய."

"அது நாங்க. அதைக் கணக்குல சேக்காத."

"அப்ப வரலை சார்."

குறுக்கே மாடு வந்தது. கொம்பையா ஹார்னை அமுக்க, வைப்பர் இரண்டும் ஆடின. "உங்க கார்லயும் இப்படித்தானா அண்ணாச்சி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அச்சு அசலா இப்படித்தான் சார்." தங்கப்பழம் சீட்டைத் தடவிக் கொடுத்தார். மூன்றாவது கியர் கத்தியபோது அவரால் தாங்கவே முடியவில்லை. "அதுவும் இப்படித்தான் சார் கத்தும்!" என்று ஏட்டின் தோளில் சாய்ந்து அழுதார். ஏட்டும் கூட அழுதார்.

பொழுது சாயும்வரை சுற்றினார்கள். கார் அகப்படவில்லை. பிள்ளையார் கோயில் பக்கம் வந்தபோது நாதஸ்வரம் கேட்டது. கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பொன்னுலிங்கம். தங்கப்பழம் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஊரே பார்க்கக் கைகூப்பினார்.

"சம்பந்தி, என்னை மன்னிக்கணும். காரு காணாம போச்சு."

"அப்ப நீங்க வந்து இறங்குனது?"

"இது தேடப் போன காரு."

பொன்னுலிங்கமும் மந்தைக்குளத்தில்தான் பிறந்து, பிழைப்புக்காக வெளியூர் போனவர். சட்டென்று விளங்கிவிட்டது. முகம் இறுகியது. "நான் அந்தக் காருன்னுல்ல சொன்னேன்? வாக்கு வாக்குதான்." அப்படியே கோயில் வாசலில் உட்கார்ந்தார். அவர் சனம் மொத்தமும் உட்கார்ந்தது. நாதஸ்வரம் நின்றது.

தங்கப்பழம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். கொம்பையாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஐயா, சாமி சத்தியமா அந்தக் காரு இதுதான்! திருடினவன் நான்தான்! என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க, கல்யாணத்தை நடத்துங்க!"

"எவ்வளவு நல்ல மனசு பாத்தியளா? கல்யாணம் நடக்கணும்னு ஜெயிலுக்குப் போகக்கூடத் தயாரா இருக்கான்" என்றார் ஏட்டு.

கடைசியில் வாயைத் திறந்தது மாப்பிள்ளைதான். "அப்பா, மண்டபம் வரைக்கும் இந்தக் கார்ல ஏறி அந்தக் காரைத் தேடிக்கிட்டே போறேன். வழியில கிடைச்சா மாறி உக்காந்துக்கிடுதேன்."

பொன்னுலிங்கம் நெடுநேரம் யோசித்தார். இன்ஸ்பெக்டரும் யோசித்தார். இதில் யார் வாக்கும் தவறவில்லை என்று தீர்மானமானது. மறுபடி நாதஸ்வரம் முழங்கியது.

மந்தைக்குளம் அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்ததில்லை. முன் சீட்டில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஏட்டுக்கும் மாமனாருக்கும் நடுவில் மாப்பிள்ளை. மாலையை ஒதுக்கி ஒதுக்கி, ஜன்னல் வழியாகத் தெருவில் ஒரு சந்து விடாமல் குனிந்து குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் கும்பிடுகிறார் என்று நினைத்து, எவ்வளவு பணிவான பிள்ளை என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

மண்டபத்தில் பந்தி நடந்தது. கொம்பையா நழுவப் பார்த்தான். சொர்ணம் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவன் இலையில் இரண்டாவது லட்டும் வைத்தாள். பாயசத்தைக் குடித்து முடித்த இன்ஸ்பெக்டர் தங்கப்பழத்தைக் கூப்பிட்டார்.

"உங்க காரு கிடைக்கிற வரைக்கும் இதை வெச்சுச் சமாளிங்க. கிடைச்ச உடனே தம்பிகிட்ட ஒப்படைச்சிரணும். அடுத்தவன் பொருள், பாத்துக்கிடுங்க. இன்னொண்ணு, உங்க வீட்டு வாசல்ல மட்டும் நிறுத்தாதீய. அங்க காரு திருட்டுப் போவுது."

தங்கப்பழத்துக்குப் பகீரென்றது. இரவல் காரும் போய்விட்டால் யார் முகத்தில் விழிப்பது? கூட்டத்தில் நம்பிக்கையான ஆளாகத் தேடினார். பிறகு நேரே போய், லட்டு தின்றுகொண்டிருந்த கொம்பையாவின் கையில் சாவியை வைத்து அழுத்தினார்.

"உன் வீட்டுலயே நிக்கட்டும் தம்பி. பத்திரம். எவனாவது திருடிட்டுப் போயிரப் போறான்."

கொம்பையா சாவியைப் பார்த்தான். காரைப் பார்த்தான்.

"பயப்படாதீய அண்ணாச்சி. இந்தக் காரைத் திருட முடியாது. நானே முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."