கம்பி பிடித்த கோட்டு

மொட்டப்பாறைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான்.

அந்த ஊர் பஸ் கண்டக்டர் தாண்டவனுக்குக் கலியாணம். பெண் செல்லக்கிளி கறாராகச் சொல்லிவிட்டாள்: "அளவெடுத்துத் தைச்ச இங்கிலீஷ் கோட்டுதான் போடணும். இரவல் கோட்டோட வந்தா வந்த வழியே திரும்பிடுங்க. பந்தி முடியற வரைக்கும் கழட்டவும் கூடாது."

இவளை விட்டால் தனக்கு வேறு பெண் கிடைக்காது என்பது தாண்டவனுக்கே தெரியும். அண்ணன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு குன்னூர் டெய்லரிடம் ஓடினான்.

டெய்லர் மாஸ்டர் சீமை முறையில் தேர்ந்தவர். கோட்டின் மார்பு விறைப்பாக நிற்க உள்ளே குதிரைமுடித் துணி வைத்து, கையாலேயே தைத்து, ஆளின் உடம்புவாகுக்கே வெட்டுவார். ஆளுக்குக் கூன் இருந்தால் கோட்டுக்கும் கூன்.

"விறைக்காதீங்க தம்பி. வழக்கமா எப்படி நிப்பீங்களோ, அப்படியே நில்லுங்க."

தாண்டவன் திகைத்துப்போனான். தான் எப்படி நிற்பான் என்று அவன் யோசித்ததே இல்லை.

"வீட்டுல இவன் எங்க நின்னான் மாஸ்டர்? படுத்தே கிடப்பான்," என்றான் மூத்தவன் குப்பண்ணன்.

"நிக்கறது பஸ்ஸுலதான்," என்றான் அடுத்தவன் சடையாண்டி. "வலது கை மேல கம்பியில இருக்கும்."

"அப்ப அப்படியே நில்லுடா. நீ பொய்யா நின்னா கோட்டும் பொய்யாத்தானே வரும்?" என்றான் குப்பண்ணன்.

தாண்டவன் கையைத் தூக்கினான். வாடிக்கையாளர் நிற்கிற நிலையைத் திருத்துவதில்லை என்பது மாஸ்டரின் தொழில் தர்மம். அப்படியே அளந்தார். வெள்ளை நூலால் தற்காலிகமாக ஓட்டி மாட்டிப் பார்த்தபோதும் தூக்கிய கைக்கு அம்சமாகப் பொருந்தியது.

கலியாணத்தன்று, ரோட்டோரப் பந்தலில்தான் வினை. தாலி கட்டக் கையை இறக்கினால் கோட்டு காது வரைக்கும் ஏறியது.

"கழட்டிரேண்டா," என்றான் குப்பண்ணன்.

"கழட்டினா பொண்ணு இல்லேண்ணே."

சடையாண்டி தாடையைத் தடவினான். "கை இறங்காதுன்னா பொண்ணு கழுத்து ஏறட்டும்."

முக்காலி வந்தது. "இதுல ஏறி நிக்கவா நான் கலியாணம் பண்ணிக்கிறேன்?" என்றாள் செல்லக்கிளி.

"கோட்டு கேட்டது யாரும்மா?" என்றான் சடையாண்டி.

ஏறினாள். மூன்று முடிச்சும் விழுந்தது.

மாமனார் வீட்டு ஆட்களை வரவேற்கத் தாண்டவன் ரோட்டுக்குப் போனான், தூக்கிய கையோடு. வந்த பஸ் நின்றது.

"கை காட்டுனீங்களே, ஏறுங்க," என்றார் டிரைவர்.

நிறுத்திய வண்டியில் ஏறாமல் நிற்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஒரு கண்டக்டருக்குத் தெரியாதா? ஏறினான். கம்பியைப் பிடித்தான். தோள் படிந்தது, மார்பு நிமிர்ந்தது, முதுகில் ஒரு சுருக்கம் இல்லை.

"என்னா வெட்டு, என்னா தையல்," என்றான் குப்பண்ணன், போகிற பஸ்ஸைப் பார்த்தபடி.

"அப்ப நானு?" என்றாள் செல்லக்கிளி, முக்காலி மேலிருந்து.

சடையாண்டி நிதானமாகச் சொன்னான்: "அப்படியே கையைத் தூக்கிக்கிட்டு நில்லும்மா. அடுத்த வண்டி நிக்கும்."