புளிப்புக்குச் சொந்தக்காரர்

வேப்பங்காட்டு ஜமீன்தாருக்கு உடம்பைவிடப் பெருமை கனம். அவர் சோற்றைத் தின்று கொழுத்த புலவர் ஒருநாள் சபையில் அளந்துவிட்டார்: "புளிப்பு என்ற சொல்லே தங்கள் கொள்ளுத்தாத்தா புளியப்பர் பேரிலிருந்துதான் பிறந்தது!"

உடனே தண்டோரா போட்டார்கள். மாவோ மோரோ, ஊரில் எது புளித்தாலும் பாதி அரண்மனைக்கு வந்துவிட வேண்டுமாம்.

இட்லிக்கடை மாடத்தி வந்து கும்பிட்டாள். "பாதி எதுக்கு எசமான்? உங்க தாத்தா சொத்துல நாங்க கை வைக்கலாமா? முழுசாவே கொண்டாந்துருதோம்."

ஜமீன்தார் பூரித்துப்போனார்.

மாவு பதமாக இருந்தவரை ஊரார் இட்லி அவித்துத் தின்றார்கள். மிஞ்சிக் கிடந்து புளித்து நாறியதை மட்டும் பானை பானையாகச் சுமந்துபோய் அரண்மனைக் கூடத்தில் இறக்கினார்கள். ஜமீன்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு புலவரை முறைத்தார்.

புலவர் சட்டென்று கட்சி மாறினார். "பிழை, பிழை! அந்தச் சொல் புளியமரத்திலிருந்து வந்தது. தங்கள் வம்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!"

மாடத்தி முந்தானையை உதறிக்கொண்டாள்.

"அப்ப புளியப்பர் பேரும் அந்த மரத்துலேருந்து வந்ததுதான? இது தெரியாம இத்தன நாளும் எசமானைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோமே! இனிமே நேரா மரத்தையே கும்பிட்டுக்கிடுதோம்."